பெயின்ட் முடிந்து வந்த 1968 எம்ஜிபி: எதிலிருந்து பூட்ட ஆரம்பிப்பது?

கீழக்கரை_ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1968 எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேல்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), வலக்கை ஸ்டீயரிங், குரோம் பம்பர். தகர வேலை முடிந்து 2கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்து இன்றோடு 12 நாள். கலர் ஓல்ட் இங்கிலீஷ் ஒயிட். பாடி கீழக்கரைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நாலு ஸ்டாண்டு மேல் நிற்கிறது. கடல் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் தனியாக அடித்து, பனை ஓலைப்பாய் விரித்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. முன் மட்கார்டுகள் பாடியோடு மாட்டியே அடித்தவை.

இன்ஜின், கியர்பாக்ஸ், முன் பின் சஸ்பென்ஷன் எல்லாம் ரீபில்ட் ஆகித் தயார். வயரிங் லூம் (வண்டியின் மொத்த வயர்க் கட்டு) புதுசு. போல்ட்டுகளில் பாதி பெயர் எழுதிய டப்பாவில், மீதி ஒரே பக்கெட்டில்.

தெரிய வேண்டியது: எந்த வரிசையில் பூட்டினால் பெயின்ட்டில் அடி படாது? காணாமல் போன போல்ட்டுக்கு இங்கே ஹார்டுவேர் கடையில் மெட்ரிக் எம்6, எம்8 வாங்கிப் போடலாமா? எல்லாமே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டாக மாற்றிவிட்டால் துருப் பிரச்சினையே இராது என்கிறார் ஒருவர், சரியா? விண்ட்ஸ்கிரீன் பிரேமை ஒருமுறை வைத்துப் பார்த்தோம், கீழ் ரப்பரோடு சேர்த்து வைத்தால் போல்ட் துளை பக்கத்தில்கூட வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ரோட்டில் இறக்க ஆசை.

அரையிஞ்ச்_ஸ்பானர்

முதலில் போல்ட்டை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் திரும்பி வர முடியாத தப்பு நடக்கும்.

எம்ஜிபியில் பெரும்பாலும் யுஎன்எஃப் மரை, அதாவது இஞ்ச் அளவில் வரும் நெருக்கமான மரை. பாடியில் அதிகம் வருவது 1/4 இஞ்ச், இஞ்சுக்கு 28 மரை. 5/16 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை. 5/16 என்பது 7.94 மி.மீ., அதனால் எம்8 போல்ட் கையால் ஒரு சுற்று ஏறுவது மாதிரி ஏமாற்றும். ஆனால் எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., இதனுடையது 1.06 மி.மீ. ஸ்பானர் போட்டு இழுத்தால் உள்ளே வெல்டு செய்திருக்கும் நட்டின் மரை போய்விடும், இல்லையென்றால் நட்டே கூண்டோடு சுற்றும். பாக்ஸ் செக்ஷனுக்குள் (நாலு பக்கமும் மூடிய தகடு) சுற்றும் நட்டை எடுக்கப் புது பெயின்ட்டை வெட்டத்தான் வேண்டிவரும். ஸ்பானரும் இஞ்ச் செட்: 1/4-க்கு 7/16, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16. அரை இஞ்ச் தலைக்கு 13 எம்எம் ஸ்பானர் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். வழுக்கினால் ஸ்பானர் போய் நிற்கிற இடம் பெயின்ட்.

யுஎன்எஃப் கிடைக்காத சரக்கு இல்லை. அம்பாசடரும் அதே மரைதான். அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் உங்கள் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். பழைய அம்பாசடர் பார்ட்ஸ் வைத்திருக்கும் கடைகளில், முடியாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில், கேளுங்க. பக்கெட்டில் இருப்பதை முதலில் பிரித்துவிடுங்க. ஒரு 1/4 நட்டும் ஒரு 5/16 நட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் ஏற்றிப் பார்த்தால் ஒரு மாலையில் முடியும்.

அடுத்து மரைத் துளைகள். பெயின்ட்டும் பிரைமரும் உள்ளே போயிருக்கும், போல்ட் இறுகியது மாதிரி தெரியும், உண்மையில் இறுகியிருக்காது. மரை வெட்டும் டேப் கருவி போடாதீங்க, அது இரும்பையும் சேர்த்து எடுக்கும். நல்ல பழைய போல்ட் ஒன்றை எடுத்து மரை நீளத்துக்கு ஹாக்ஸா பிளேடால் எதிரெதிரே இரண்டு கீறல் போடுங்க. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டினால் பெயின்ட் அந்தக் கீறலில் சேர்ந்து வெளியே வரும். சீட் பெல்ட் ஆங்கர், கதவுக் கீல், பானெட் கீல், பம்பர் பிராக்கெட், ஸ்டீயரிங் ரேக் உட்காரும் இடம் ஒன்றையும் விடாதீங்க. சேர்ந்து உட்காரும் முகங்களிலும் பெயின்ட் தடிமனாக இருந்தால் சுரண்டி மெலிதாக்குங்க. தடித்த பெயின்ட் நாளாவட்டத்தில் நசுங்கும், போல்ட் தானாகத் தளரும். ஸ்டீல் வீல் என்றால் நட் உட்காரும் குழிவுக்கும் இதே கதை: 60 முதல் 65 பவுண்டு அடி இறுக்கம் கொடுத்து, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்கணும்.

இனி வரிசை. கனமும் அழுக்கும் முதலில், பளபளப்பு கடைசியில்.

பிரேக் பைப், பெட்ரோல் பைப், பெட்ரோல் டேங்க், பின் ஆக்சில், முன் கிராஸ்மெம்பர். இவை ஏறினால் வண்டி சக்கரத்தில் நிற்கும், கொட்டகைக்குள் தள்ளலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, அதாவது முன் கீழ் விஷ்போன், பின் ஸ்பிரிங் கண், ஷேக்கிள், அப்போது வெறுமனே மாட்டி மட்டும் வையுங்க. கடைசி இறுக்கம் வண்டியின் எடை தரையில் இறங்கிய பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும், வண்டியும் ஒட்டகம் மாதிரி உயரமாக நிற்கும்.

அப்புறம் லூம், பெடல் பாக்ஸ், வைப்பர் டியூப், ஹீட்டர் பெட்டி. ராமநாதபுரத்துக்கு ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். வெளிக்காற்று உள்ளே வருவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான், அதை எடுத்தால் தீச்சுவரில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுத் தகடு) பெரிய ஓட்டை. இன்ஜின் இல்லாதபோது மாட்டுவது பத்து நிமிஷ வேலை. இன்ஜின் இருந்தால் அரை நாள், அதோடு சுற்றிலும் கீறல்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக, மேலிருந்து, நன்றாகச் சாய்த்து இறங்கணும். ரேடியேட்டரும் அதைத் தாங்கும் தகடும் அப்போது வெளியே இருக்கணும். பெயின்ட் போகும் இடங்கள் இரண்டு: முன்னால் பானெட் லாக் இருக்கும் குறுக்குத் தகட்டின் விளிம்பு, பின்னால் வைப்பருக்கு முன்னே உள்ள ஸ்கட்டில் விளிம்பு. பழைய பாய் மெத்தையை இரண்டாக மடித்துக் கட்டுங்க. செயின் பிளாக் இழுக்க ஒருவர், கியர்பாக்ஸ் வாலைப் பிடிக்க ஒருவர், எதையும் தொடாமல் இடைவெளியை மட்டும் பார்த்துச் சொல்ல ஒருவர். அந்த மூன்றாவது ஆள்தான் முக்கியம்.

பிறகு கதவு, விண்ட்ஸ்கிரீன், டாஷ்போர்டு, இந்த ஒழுங்கிலேயே. விண்ட்ஸ்கிரீன் கால்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு போல்ட், இரண்டும் டாஷுக்குப் பின்னாலிருந்து பூட்டணும். டாஷை முதலில் மாட்டினால் தலைகீழாகப் படுத்துக்கொண்டு சாமியைக் கூப்பிட வேண்டியதுதான். கதவை ஏன் அதற்கும் முன்னால்? ஸ்கிரீனின் சாய்வு கதவின் முக்கோணக் கண்ணாடியோடு ஒத்துப் போகணும். போல்ட்டைத் தளர விட்டு, கதவைச் சாத்திப் பார்த்து, பிறகுதான் இறுக்கம்.

அந்தக் கீழ் ரப்பர்: புது ரப்பர் தடித்துத்தான் இருக்கும், துளை வராதது உங்கள் தப்பு இல்லை. இரண்டு நாள் முன்பே பிரேமில் ரப்பரைக் கோத்து வெயிலில் வைத்து மிருதுவாக்குங்க. மாட்டும்போது ரப்பருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே குளியல் சோப்புத் தண்ணீர். பிரேமின் மேல் விளிம்பில் மெத்தென்ற துணி வைத்து, சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டைக் காரின் அடியில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்க. துளை பாதி தெரிந்ததும் கூர்முனைக் கம்பியை நுழைத்து நெம்பி, மேல் போல்ட்டை முதலில் பிடிக்க வையுங்க. நடுவில் உள்ள கம்பியும் அதன் பிராக்கெட்டும் கடைசியில். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கண்ணாடி விரியும், இதில் சந்தேகமே வேண்டாம்.

ஒன்று கேட்கணும்: கதவை ஓலைப்பாயில் எத்தனை நாளாகச் சாய்த்து வைத்திருக்கீங்க? 12 நாள் பெயின்ட் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், எடை தாங்கும் இடத்தில் பாயின் பின்னல் அப்படியே அச்சு விழும். கனமான ஸ்பாஞ்ச் மேல், பெயின்ட் அடிக்காத உள் விளிம்பு தரையில் படும்படி மாற்றுங்க. இன்றைக்கே.

பாம்பன்_பைபர்காரன்

எஸ்எஸ் பற்றி மட்டும் சொல்றேன். நம்ம பக்கம் போட்டு (படகு) வேலையில் தினமும் பார்க்கிற விஷயம்.

"எஸ்எஸ் போட்டால் துருப்பிடிக்காது" என்பது போல்ட்டுக்குப் பொருந்தும், போல்ட் தொடுகிற இடத்துக்குப் பொருந்தாது. உங்க விண்ட்ஸ்கிரீன் பிரேம் அலுமினியம். அதில் எஸ்எஸ் ஸ்குரூ, நடுவில் உப்பு ஈரம்: இது ஒரு பேட்டரி. கரைவது எப்பவும் அலுமினியம்தான். ஸ்குரூ தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தள்ளும், இரண்டு வருஷத்தில் ஸ்குரூ பிரேமோடு ஒன்றாகிவிடும். அதனால் பிரேமில் போகும் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் மரையில் மரைன் கிரீஸ், தலைக்குக் கீழே நைலான் வாஷர். ஆரம்ப கால எம்ஜிபி பானெட்டும் அலுமினியம். உங்களுடையது காந்தம் ஒட்டுதா பாருங்க. ஒட்டவில்லை என்றால் இரும்புக் கீல் அதில் உட்காரும் இடத்திலும் ஒரு மெல்லிய ரப்பரோ நைலான் ஷீட்டோ வேணும்.

304 கிரேடு நம்ம கடற்கரையில் டீக்கறை மாதிரி பழுப்பு பிடிக்கும். 316 கேளுங்க. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போட்டு சாமான் கடையில் வரும், ஆனால் மரை மெட்ரிக். உங்களுக்கு வேண்டியது இஞ்ச் மரை என்று ஸ்பானர் அண்ணன் சொன்னதை மறக்காதீங்க. துளை வழியாகப் போய் நட் போடும் இடத்தில் மெட்ரிக் பரவாயில்லை. பாடியில் நட் இருக்கும் இடத்தில் கூடாது.

எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டை வறட்டாக, வேகமாக, மெஷின் போட்டு இறுக்கினால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். முன்னும் போகாது பின்னும் வராது, அறுக்கத்தான் வேணும். கிரீஸ் போட்டு, கையால், மெதுவாக.

ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக், சீட் பெல்ட், கதவுக் கீல்: இங்கெல்லாம் சாதாரண எஸ்எஸ் கூடவே கூடாது. அங்கே பழைய கிரேடு எஃகு போல்ட்தான். பூட்டி முடித்த பிறகு தலை மேல் வேக்ஸ் அடித்தால் போதும். லைட் பிராக்கெட், நம்பர் பிளேட், கார்பெட் கிளிப் மாதிரி இடங்களில் 316 தாராளமா போடுங்க.

வயர் நுனிக்கும் ஒரு வார்த்தை. கூடுதலாக வயர் இழுக்கிறதா இருந்தால் போட்டுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்க. சாதாரண செம்பு இங்கே உறைக்கு உள்ளேயே ஒரு சாண் தூரம் கறுத்துப் போகும், அப்புறம் சால்டரும் ஒட்டாது.

கலர்_டப்பா

ரோட்ஸ்டர் சார், பூட்டுவதற்கு முன்னால் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வாட்டர் பேப்பர் தேய்க்க எந்தத் தண்ணீர்?

காரணம் இருக்கிறது. அங்கே போர் தண்ணீர் உப்பு. பிரைமரை அந்தத் தண்ணீரில் தேய்த்து, காய்ந்ததும் அப்படியே மேலே அடித்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு பெயின்ட்டுக்கு அடியில் சிக்கியிருக்கும். பெயின்ட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, ஈரம் ஆவியாக உள்ளே போகும். உப்பு அதை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு மேலே தள்ளும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. வாடைக்காற்று ஆரம்பித்து நாலு நாள் ஈரம் நின்றால் வேர்க்குரு மாதிரி பொரிப்பொரியாகக் கிளம்பும். கதவின் கீழ்ப்பகுதி, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு), மட்கார்டு பின்பக்கம் என்று தண்ணீர் வடிந்து நிற்கும் இடங்களில் முதலில் வரும்.

பூட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றணும். கையால் தடவிப் பாருங்க, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்க.

மற்றபடி 12 நாள், அதுவும் இந்த வெயிலில், பூட்ட ஆரம்பிக்கப் போதும். நகச் சோதனை: டிக்கி உள்பக்கம் மறைவான இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பிறைத் தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் ஒரு வாரம். வேக்ஸ் பாலிஷ் மட்டும் மூன்று மாதம் கழித்து. உள்ளே மிச்சம் இருக்கும் தின்னர் வெளியேற வழி விடணும்.

பெயின்ட் மேல் பாலிதீன் ஷீட்டைப் போர்த்தாதீங்க. இரவு ஈரம் உள்ளே வேர்த்து நிற்கும். தார்ப்பாயும் வேண்டாம், கச்சான் காற்றில் அது படபடத்து மணலோடு சேர்ந்து தேய்க்கும், உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும். பழைய பருத்தி வேட்டி, சேலை நல்லது. மாஸ்கிங் டேப் ஒட்டினால் அன்றைக்கே உரிக்கணும். தகரக் கொட்டகைச் சூட்டில் நாலு நாள் இருந்தால் பசை பெயின்ட்டில் தங்கும்.

வெள்ளைக் கலர் என்பதால் இன்னொன்று. விளக்கு அடியில் வரும் கறுப்பு ரப்பர், பம்பர் ரப்பர் எல்லாம் புது வெள்ளைப் பெயின்ட்டில் பழுப்புக் கோடு விடும். அந்த உருப்படிகளைக் கடைசிக்குத் தள்ளுங்க.

பெயின்டரிடம் மிச்சப் பெயின்ட்டில் கால் லிட்டர் கேட்டு வாங்கி வையுங்க, ஹார்டனர் கலக்காமல். ஹார்டனர் டின் ஒருமுறை திறந்தால் அங்குள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும், அதனால் சின்ன டின்னாக. துளை போட்ட ஓரம், ரிவெட் ஓரம், ஸ்பானர் தொட்ட இடம் எல்லாவற்றுக்கும் அன்றன்றே பிரைமரும் பெயின்ட்டும் தொட்டுவிடணும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கே அங்கே மஞ்சள் தட்டியிருக்கும், கீழக்கரைக் காற்று அப்படி.

கீழக்கரை_ரோட்ஸ்டர்

ஸ்பானர் அண்ணே, கதவை ஸ்பாஞ்சுக்கு மாற்றியாச்சு. இடது கதவின் கீழ் விளிம்பில் லேசாகப் பின்னல் தடம் தெரிகிறது. பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான்.

கலர் சார், கேட்டுவிட்டேன். பட்டறை போர் தண்ணீர்தான். டார்ச் அடித்துப் பார்த்ததில் இடது கதவின் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் பதினைந்து இருபது புள்ளி மேடு இருக்கிறது. வேறெங்கும் இல்லை. பெயின்டர் தூசி என்கிறார். எப்படி முடிவு செய்வது?

கலர்_டப்பா

தூசியாகவும் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம். பஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் வைத்து, மேலே பாலிதீன் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் மேடு பெருத்திருந்து, மதியம் வெயிலில் மறுபடி அமுங்கினால் உப்புதான். அளவு மாறவே இல்லை என்றால் ஒரு லென்ஸ் வைத்து, மெல்லிய தையல் ஊசியால் ஒரு புள்ளியைக் குத்துங்க. ஈரம் கசிந்தால் உப்பு. கெட்டியாக மணி மாதிரி தட்டுப்பட்டால் தூசி. புள்ளியின் உச்சியில் ஏற்கெனவே ஊசித்துளை இருந்தால் அது தின்னர் சிக்கி வெடித்தது, தடிமனாக ஒரேயடியாக அடித்ததால் வருவது.

தூசி என்றால் 2000 நம்பர் பேப்பரில் புள்ளியை மட்டும் தேய்த்து பஃப் அடித்தால் முடிந்தது. அந்தப் பின்னல் தடத்தையும் அதோடு பார்த்துவிடலாம். உப்பு என்றால் அந்தக் கதவை வெறும் தகரம் வரை உரித்து, காவிரித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ சூடாக ஊற்றி இரண்டு மூன்று முறை கழுவி, முழுக்கக் காயவைத்து எபாக்சி பிரைமரில் இருந்து தொடங்கணும். மேலே மட்டும் தேய்த்து அடித்தால் அடுத்த மழையில் அதே இடத்தில் வரும். தண்ணீரின் உப்பை அளக்க ஆர்ஓ மெக்கானிக் கையில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். வண்டி கழுவவும் அதே தண்ணீர்தான் சொல்வேன். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி பெயின்ட்டில் பதிந்துவிடும்.

ஒயர்_பாய்

லூம் போடுறதுக்கு முன்னாடி நாலு விஷயம்.

பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. புது பெயின்ட் வண்டியில் லைட் மங்கல், இன்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குது, பெட்ரோல் மீட்டர் ஆடுது என்றால் பத்துக்கு ஒன்பது எர்த்துதான், அதாவது கரன்ட் பாடி வழியாத் திரும்புற இணைப்பு. ஒவ்வொரு எர்த் இடத்திலும் நாலணா அளவுக்குப் பளபள தகரம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதுக்கு மேல வாசலின் தடவணும். சுரண்டி வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, நம்ம ஊர்ல அதுக்குள்ள துரு ஆரம்பிச்சிரும். எஸ்யூ பெட்ரோல் பம்ப்புக்குத் தனி எர்த் வயர் உண்டு, பின்னால் வலது பக்கம், அதை மறந்துட்டு பம்ப் போச்சுன்னு சொல்றவங்க அதிகம்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே வரும் பட்டை எர்த் கட்டாயம். இன்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. அந்தப் பட்டை இல்லேன்னா ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாத் திரும்பும். கேபிள் சிவக்கும், புகையும்.

வயர் கலர் அம்பாசடர் பார்த்த எலக்ட்ரீசியனுக்குப் பழக்கம்தான். பிரவுன் எப்பவும் லைவ், அதுக்கு பியூஸ் கிடையாது. வெள்ளை சாவி போட்டால் வரும். பச்சை சாவி போட்டு பியூஸ் தாண்டி வருவது. ஊதா எப்பவும் லைவ், பியூஸ் உண்டு, ஹாரன் அதில். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். சிவப்பு பார்க். கறுப்பு எர்த்.

பியூஸில் ஒரு பொறி இருக்கு. லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர்னு எழுதியிருக்கும். அது உருகுற அளவு. தொடர்ந்து தாங்குவது 17. இங்கே கடையில் கிடைக்கிற பிளேடு பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்குற அளவு. 35 பிளேடு போட்டால் பியூஸ் நிற்கும், வயர் எரியும். 15 இல்லேன்னா 20 போதும்.

1968-ல் இந்த வண்டி நெகட்டிவ் எர்த், பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் சேரும். அதுக்கு முந்தைய எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதனால பழைய ஆள் யாராவது பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் டையோடு ஒரு நொடியில் போயிரும். முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது நெகட்டிவ் முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே 12 வோல்ட் 21 வாட் இன்டிகேட்டர் பல்ப் ஒன்றைத் தொடராப் போடுங்க. எல்லா சுவிட்சும் ஆஃப்ல இருக்கும்போது பல்ப் முழுசா எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். எரியலேன்னா ஒவ்வொரு சுவிட்சாப் போட்டுப் பார்க்கலாம். வயர் கருகாது.

கதவுக்குள்ள, தீச்சுவர்ல வயர் போற ஒவ்வொரு துளைக்கும் கிராமெட் (ரப்பர் வளையம்) மாட்டின பிறகுதான் லூமை இழுக்கணும். இழுத்துட்டு கிராமெட் மாட்டறது நடக்காத காரியம்.

அரையிஞ்ச்_ஸ்பானர்

பாய் சொன்னது எல்லாம் சரி. விட்டுப்போன சிலதை மட்டும் சேர்க்கிறேன்.

பிரேக் ஆயில். டாட் 4 ஒரு சொட்டு பெயின்ட்டில் விழுந்தால் சில நிமிஷத்தில் சுருங்க வைக்கும். துணியால் துடைத்தால் இன்னும் பரவும். தண்ணீரில் கரையும் சரக்கு அது, அதனால் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரும் மக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விழுந்தவுடன் ஊற்றிக் கழுவணும். மாஸ்டர் சிலிண்டர் மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டிவிட்டுத்தான் பிளீடிங் (பைப்பில் உள்ள காற்றை வெளியேற்றுவது). பிளீடிங் முடிந்து, ஒருவர் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க, எல்லா பைப் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகு கார்பெட். பைப்புக்குச் செம்பு நிக்கல் கலந்த 3/16 இஞ்ச் பைப் தேடி வாங்குங்க, கடற்கரையில் இரும்பு பிரேக் பைப் போடுவது வீண் செலவு.

பெட்ரோல் டேங்க். எம்ஜிபி டேங்க் அடியில் ஓட்டையாகாது, மேல் தகட்டில் ஆகும். டிக்கித் தரைக்கும் டேங்குக்கும் நடுவே மண்ணும் ஈரமும் தங்குகிறது. ஏற்றும் முன் மேல் பக்கத்துக்கு எபாக்சி பெயின்ட், அது காய்ந்ததும் கெட்டி வேக்ஸ். இப்போது பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உரியும், எத்தனால் தாங்கும் ஆர்9 ஹோஸ் போடுங்க.

கியர்பாக்ஸ். உள்ளூர் மெக்கானிக் கைப்பழக்கத்தில் 90 கியர் ஆயில் ஊற்றிவிடுவார். எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில், சுமார் 3 லிட்டர், ஓவர்டிரைவ் இருந்தால் சுமார் 3.4. 90 ஆயில் பின் ஆக்சிலுக்கு மட்டும்.

பானெட் மாட்டும்போது இரண்டு பின் மூலைகளுக்கும் கெட்டி அட்டை வைத்து டேப் ஒட்டுங்க. கீலில் சறுக்கி ஸ்கட்டிலைக் குத்துவது அந்த மூலைதான். முதல் தடவை சாத்தும்போது லாக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் மெதுவாக இறக்கி, பின் விளிம்பு உரசாமல் வருகிறதா பார்த்த பிறகு லாக். உரசினால் தூக்கவே முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

கதவு இடைவெளி 4 முதல் 5 மி.மீ. ஒரே சீராக வரும்வரை ரப்பர் பீடிங் ஒட்டாதீங்க. ரப்பரோடு சரி பார்த்தால் கதவு சாத்தாததற்குக் காரணம் ரப்பரா கீலா என்றே தெரியாது.

சில், கதவு அடி, மட்கார்டு பின்பக்கம், எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் கேவிட்டி வேக்ஸ், இந்த வண்டிக்கு 2 முதல் 3 லிட்டர். வயரும் பூட்டும் மாட்டியான பிறகு, கதவு அட்டை மாட்டுவதற்கு முன். அடித்து மறுநாள் ஒவ்வொரு வடிகால் துளையிலும் கம்பி விட்டு அடைப்பு எடுக்கணும். பெயின்டர் பட்டி போட்டு அடைத்த துளைகளும் அதில் இருக்கும். வேக்ஸுக்குப் பதில் கழிவு ஆயில் அடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும்.

பாம்பன்_பைபர்காரன்

பக்கவாட்டு பளபள பட்டைக்கு கிளிப் ரிவெட் அடிப்பாங்க இல்லையா, அங்கே ஒன்று. துளை போட்டதும் ஓரத்துக்கு பிரைமர், ரிவெட் உடம்பைப் பாலியூரிதேன் சீலன்ட்டில் தோய்த்து அடிங்க. சிலிக்கான் வேண்டாம். சிலவகை சிலிக்கான் புளிப்பு வாசம் அடிக்கும், அது தகரத்தை அரிக்கும், பின்னாடி அந்த இடத்தில் டச்சப் பெயின்ட்டும் ஒட்டாது. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் கழற்றிட்டு வேலை பாருங்க, அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கீழக்கரை_ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. பஞ்சு ஒட்டிப் பார்த்தாச்சு. காலையில் புள்ளிகள் நன்றாகப் பெருத்திருந்தன, மதியம் அமுங்கிவிட்டன. ஒன்றைக் குத்தினேன், ஊசி முனை நனைந்தது. இடது கதவை உரிக்கிறோம். பெயின்டர் அதே போர் தண்ணீரில் தேய்த்த மற்ற பகுதிகளையும் இப்படியே சோதிக்கணுமா? அதுவரை பாடியில் வேலையை நிறுத்தவா?

கலர்_டப்பா

சில் இரண்டு பக்கமும், வலது கதவு அடி, மட்கார்டுகளின் பின் கீழ் மூலை, டிக்கி மூடியின் விளிம்பு, இந்த இடங்களில் மட்டும் பஞ்சு வையுங்க. ஒரு ராத்திரி பத்தாது, மூன்று ராத்திரி. பகலில் எடுத்துவிட்டு மாலையில் மறுபடி. கிளம்பவில்லை என்றால் பாடி தப்பித்தது. அதுவரை மரை சுத்தம் செய்வது, பிரேக் பைப் வளைப்பது, லூமைத் தரையில் விரித்து டெஸ்ட் பண்ணுவது என்று பாடியில் எதையும் பூட்டாமல் செய்யும் வேலை நிறைய இருக்கிறது. கதவை உரிக்கும்போது உள்பக்க மடிப்பையும் கழுவுங்க, தேய்த்த தண்ணீர் ஓடிப் போய் நின்றிருப்பது அங்கேதான்.